காலியான கூண்டுக்கு எந்தக் குட்டி?

"தகவலறிந்த போலீசார் விரைந்து சென்று விசாரணை நடத்தினர். மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது வீட்டிலிருந்து சிறிது தூரம் ஓடிச் சென்று பஸ் நிறுத்தத்தில் நின்றது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை."

நாளிதழ் வாசிக்கிற எல்லோருக்கும் இந்த நாலு வரி மனப்பாடம். ஊர்ப் பெயரையும் பவுன் கணக்கையும் மாற்றினால் அடுத்த திருட்டுக்கும் இதே செய்திதான். படிக்கிறவர் 'நாயும் கைவிட்டுருச்சு' என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். நாய்ப் பிரிவில் இருக்கிற ஏட்டைக் கேட்டால் வேறு கதை சொல்வார். நாய் பஸ் நிறுத்தத்தில் நின்றது என்றால் வந்தவன் அங்கே வண்டி ஏறியிருக்கிறான். எத்தனை மணி பஸ், எதிர்க்கடையில் கேமரா உண்டா, பைக்கில் யாராவது காத்திருந்தார்களா என்று விசாரணை அந்த இடத்திலிருந்துதான் சூடு பிடிக்கும். நாய் தன் வேலையை முடித்துவிட்டது. 'கவ்விப் பிடிக்கவில்லை' என்பது நிருபர் எழுதிய தீர்ப்பு.

நான் கால்நடை மருத்துவர். தென் மாவட்டம் ஒன்றில் பல வருடம் போலீஸ் நாய்களுக்கு ஊசி போட்டிருக்கிறேன், உண்ணிக் காய்ச்சலுக்கு டிரிப்ஸ் ஏற்றியிருக்கிறேன், ஒன்றிரண்டைக் கடைசியில் கண்மூடவும் வைத்திருக்கிறேன். ஒரு நாய் ஓய்வு பெற்றாலோ செத்துப்போனாலோ ஆயுதப்படை மைதானத்து ஓரத்தில் ஒரு கூண்டு காலியாகும். இரண்டு நாளில் போன் வரும். "டாக்டர், அடுத்து என்ன குட்டி எடுக்கலாம்?" ஒரு அதிகாரி, ஒசாமா பின்லேடனைப் பிடிக்கப் போன நாயைப் போலவே வேண்டும் என்பார். இன்னொருவர், நம்ம ராஜபாளையம் இருக்க வெள்ளைக்காரன் நாய் எதற்கு என்பார். மூன்றாமவர், யாரோ நன்கொடையாகத் தருகிறார்கள், எந்த இனமாக இருந்தால் என்ன, வாங்கிப் போட்டுவிடலாம் என்பார். மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

இனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன். கூண்டில் இருந்த பழைய நாய் என்ன வேலை பார்த்தது?

மாவட்டத்துக்கு வருகிற வேலை மூன்று வகை. கொலை, கொள்ளை நடந்த இடத்தில் ஆள் வாடையைப் பிடித்துக்கொண்டு போவது முதலாவது. வெடிகுண்டு தேடுவது இரண்டாவது. கஞ்சா போன்ற போதைப்பொருளைத் தேடுவது மூன்றாவது. பத்திரிகையில் வருவது முதல் வேலை. அன்றாடம் நடப்பது இரண்டாவது. அமைச்சர் வருகை, தேரோட்டம், சுதந்திர தினம், ரயில் நிலையச் சோதனை, 'கலெக்டர் ஆபீசில் குண்டு' என்று எவனோ அனுப்பிய மின்னஞ்சல் என்று எல்லாவற்றுக்கும் குண்டு நாய் போகவேண்டும். 1998 பிப்ரவரி 14 கோவைத் தொடர் குண்டுவெடிப்பை நினைவில் வைத்திருக்கிற தலைமுறை அதிகாரிகள் இந்த வேலையைச் சடங்காக நினைக்க மாட்டார்கள். ஆனால் நூறு இடம் மோந்தாலும் நூறிலும் ஒன்றும் இருக்காது என்பதுதான் நாயின் அனுபவம். தேடித் தேடி ஒன்றும் கிடைக்காத நாய்க்குச் சலிப்பு வரும். அதனால்தான் நாயைப் பழக்கி வேலைக்குக் கூட்டிப்போகிற காவலர்களான ஹேண்ட்லர்கள் நடுநடுவே மாதிரிப் பொருளைத் தாங்களே ஒளித்து வைத்துக் கண்டுபிடிக்கவிட்டு, பந்தைக் கொடுத்து விளையாடுகிறார்கள். சலிப்பைத் தாங்குகிற குணம், மூக்கின் கூர்மை அளவுக்கே முக்கியம்.

'ஒரே நாய்க்குக் குண்டும் கஞ்சாவும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் செலவு மிச்சமாகுமே' என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். மூக்கைப் பொறுத்தவரை முடியும். மனித மூக்கில் வாடை அறியும் அணுக்கள் ஐம்பது அறுபது லட்சம். நாய்க்கு இருபது கோடிக்கு மேல். எத்தனை வாடை வேண்டுமானாலும் பழக்கலாம். சிக்கல் நம் பக்கம். பஸ் ஸ்டாண்டில் கிடக்கிற பையின் முன்னால் நாய் உட்கார்ந்துவிட்டது. உள்ளே இருப்பது கஞ்சாவா, குண்டா? பையைத் திறப்பதா, கூட்டத்தை வெளியேற்றிவிட்டு ஓடுவதா? நாயைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே ஒரு நாய்க்கு இந்த இரண்டில் ஒரு வேலைதான். அதிலும் குண்டு நாய் கண்டுபிடித்ததும் பிறாண்டக் கூடாது, குரைக்கக் கூடாது, மூக்கை நீட்டி அப்படியே அமர்ந்துவிட வேண்டும்.

சட்டத்துக்கும் இந்தத் தேர்வில் ஒரு பங்கு உண்டு. யாரும் கவனிப்பதில்லை என்பதால் சொல்கிறேன். நாய் ஒருவனைப் போய்க் கவ்வியதை வைத்து மட்டும் அவனைத் தண்டிக்க முடியாது. அப்துல் ரசாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1969-லேயே இதைப் பேசிவிட்டது. நாய் சாட்சிக் கூண்டேறிப் பேச முடியாது. அது செய்ததற்கு மனிதன் சொல்லும் அர்த்தத்தைத்தான் நீதிமன்றம் கேட்க முடியும். ஒரு மனிதனின் உயிரையும் சுதந்திரத்தையும் நாயின் ஊகத்தில் தொங்கவிடலாமா என்பது அங்கே எழுந்த ஆட்சேபம். 2001-ல் கடே லட்சுமி மங்கராஜு வழக்கில் இன்னும் தெளிவாக, புலனாய்வுக்கு நாயைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், தீர்ப்புக்கு அதை நம்பி வராதீர்கள் என்ற போக்கில் சொன்னார்கள். இதன் விளைவு என்ன? ஆள் பிடிக்கும் நாய் தருவது ஒரு திசை. அதற்குப் பிறகு கைரேகையும் கேமராவும் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும். கஞ்சா நாயோ குண்டு நாயோ தருவது பொருள். கிலோ கணக்கில் கஞ்சா மேசைமேல் இருக்கும்போது நாய் சாட்சி சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஒரே ஒரு கூண்டுதான், ஒரே ஒரு குட்டிதான் என்றால் எந்த வேலைக்கு எடுப்பது என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது.

இனி இனங்களுக்கு வருவோம்.

லாப்ரடார் போலீஸ் நாய் மாதிரியே இருக்காது. முகத்தைப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பையன். 'இதைப் பார்த்து எவன் சார் பயப்படுவான்?' என்று ஒரு இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டார். பயப்படாமல் இருப்பதுதான் அதன் பலம். தேர்த் திருவிழாக் கூட்டத்தில், பள்ளிக்கூட வாசலில், ஓடும் ரயில் பெட்டியில் பிள்ளை குட்டிகளுக்கு நடுவே புகுந்து வரவேண்டிய நாய் அது. 1993 மும்பைத் தொடர் குண்டுவெடிப்புக்குப் பின் நடந்த தேடலில் மும்பை போலீஸின் சஞ்சீர் என்ற லாப்ரடார் கண்டெடுத்தது 3,329 கிலோ ஆர்.டி.எக்ஸ். டெட்டனேட்டர்களும் கையெறி குண்டுகளும் தனிக் கணக்கு. 2000-ல் எலும்புப் புற்றுநோயில் இறந்தபோது அதற்கு அரசு மரியாதை கிடைத்தது. 2023-ல் துருக்கி நிலநடுக்கத்தில் தேசிய பேரிடர் மீட்புப் படையுடன் போய், இடிபாட்டுக்குள் உயிரோடு இருந்த ஆறு வயதுச் சிறுமியைக் காட்டிக் கொடுத்த ரோமியோவும் ஜூலியும் லாப்ரடார்கள்தான்.

இந்த நாய் ஏன் இவ்வளவு லேசாகப் பழகுகிறது? ஒரே பதில், வயிறு. ஒரு துண்டு பிஸ்கட்டுக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் அதே பெட்டியை மோந்து காட்டும். கேம்பிரிட்ஜில் 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு மரபணுக் காரணத்தையே காட்டியது. 'சாப்பிட்டது போதும்' என்று மூளைக்குச் சொல்ல வேண்டிய ஒரு மரபணு, நாலில் ஒரு லாப்ரடாருக்கு அரைகுறையாக இருக்கிறது. பயிற்சிக்கு வரம்; எனக்குத் தொல்லை. ஹேண்ட்லர் லீவில் போன பதினைந்து நாளில் ஆளாளுக்கு ஏதாவது போட்டு நாயை உருண்டையாக்கி வைத்திருப்பார்கள். எடை ஏறினால் மூட்டு போகும். மூட்டு போனால் ஏழு வயதில் ஓய்வு. நல்ல வேளையாக இது மருந்தில்லாமல் தீர்கிற வியாதி. சோற்றுத் தட்டை அளந்து வைத்தால் போதும்.

ஜெர்மன் ஷெப்பர்டை 'அல்சேஷன்' என்று சொன்ன காலத்திலிருந்து நமக்குத் தெரியும். 1899-ல் மேக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி ஆடு மேய்க்கும் நாய்களிலிருந்து இந்த இனத்தை ஒழுங்குபடுத்தினார். அதே வருடம்தான் பெல்ஜியத்தின் கென்ட் நகரம் இரவு ரோந்துக்கு நாய்களை முறையாகப் பழக்கத் தொடங்கியது. போலீஸ் நாய் என்றதும் மனதில் வருகிற காது விடைத்த உருவம் இதுதான். மூக்கு, தைரியம், சொல்பேச்சு எல்லாம் உண்டு. ஆள் தடம் பிடிப்பதில் இன்றைக்கும் நம்பலாம். என் புகார் இரண்டு. ஒன்று, இடுப்பு. கண்காட்சிக்காகப் பின்பக்கம் சரிந்த நாய்களை வளர்த்து வளர்த்து, பல குட்டிகளுக்கு வளர வளர இடுப்பு மூட்டுக் கோளாறு வருகிறது, பரம்பரையாக. தாய் தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயும் பார்க்காமல் குட்டி வாங்காதீர்கள். இரண்டு, இரட்டை அடுக்கு ரோமம். சித்திரை வெயிலில் மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு கொலை நடந்த காட்டுக்கு இதைக் கூட்டிப் போனால் பத்து நிமிடத்தில் நாக்கு முழம் நீளம் தொங்கும்.

அந்த நாக்குத் தொங்குவது வெறும் களைப்பு இல்லை. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. வாயால் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். வாயால் மூச்சு வாங்குகிற நேரத்தில் மூக்கால் மோப்பம் பிடிக்க முடியாது. எந்த உயர்சாதி நாயானாலும் சரி, மூச்சிரைக்க ஆரம்பித்துவிட்டால் அது அந்த நேரத்துக்கு மோப்ப நாய் இல்லை. கீழே தார்ச்சாலை பாதத்தைச் சுடும். தரையில் கிடக்கிற வாடையும் வெயிலில் சீக்கிரம் கலைந்துவிடும். இதற்கு இனத்தை மாற்றுவதைவிட, தகவல் வந்ததும் விடிவதற்குள் நாயை அனுப்புவதும், நாய் வரும்வரை ஊர்க் கூட்டத்தை வீட்டுக்குள் விடாமல் இருப்பதும் பெரிய மருந்து. பெரும்பாலும் தலையாரியிலிருந்து எதிர்வீட்டு மாமா வரை எல்லோரும் பீரோவைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் நாய் வந்து இறங்குகிறது. பிறகு திருடன் தூவிய மிளகாய்ப் பொடியைக் குறை சொல்வார்கள்.

வெயிலைப் பேசும்போது டாபர்மேனை விட்டுவிடக் கூடாது. ஜெர்மனியின் அபோல்டா ஊரில் வரி வசூலிக்கப் போன ஒருவர் தன் துணைக்கென்று உருவாக்கிய நாய். கட்டை ரோமம், இறுகிய உடம்பு. 1925-ல் தென்னாப்பிரிக்காவின் காரு வறண்ட நிலத்தில் சாவர் என்ற டாபர்மேன் ஒரு கால்நடைத் திருடனின் தடத்தை வாடையை வைத்து மட்டும் 160 கிலோமீட்டர் தொடர்ந்து போனது இன்றுவரை சாதனையாகச் சொல்லப்படுகிறது. நம் போலீஸிலும் ஒரு காலத்தில் நிறைய இருந்தது. இப்போது குறைந்துவிட்டது, காரணம் இதயம். இந்த இனத்தில் இதயத் தசை பலவீனப்பட்டு, ஓடிக்கொண்டிருந்த நாய் சட்டென்று விழுந்து சாகும். ஆறு வயது டாபர்மேனைக் காலையில் பரேடில் பார்த்துவிட்டு மாலையில் பிரேதப் பரிசோதனை செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு யாருக்கும் இதை மனசாரச் சொல்ல வாய் வரவில்லை. என் சொந்த வருத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெல்ஜியன் மலினுவா இப்போதைய மோகம். 2011-ல் பின்லேடனைத் தேடிப் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் இறங்கிய அமெரிக்கக் கமாண்டோக்களுடன் போன கெய்ரோ என்ற நாய் இந்த இனம். இந்தியாவில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையும் மத்திய ரிசர்வ் போலீஸும் நக்சல் பகுதிக் காடுகளில் இதை வைத்து நல்ல பலன் பார்த்தன. 2024 வயநாடு நிலச்சரிவில் உடல்களைத் தேடிய கேரள போலீஸின் மாயாவும் மர்ஃபியும் பரவலாகப் பேசப்பட்டன. ஷெப்பர்டைவிட எடை குறைவு, ரோமம் குறைவு, வேகம் அதிகம், சோர்வே கிடையாது.

சோர்வே கிடையாது என்பதுதான் சிக்கல். கமாண்டோ படையில் அதற்குத் தினமும் வேலை இருக்கிறது. நம் மாவட்டத்தில் இரண்டு நாளைக்கு ஒரு அழைப்பு, மீதி நேரம் கூண்டு. மலினுவாவுக்குத் தினம் மணிக்கணக்கில் ஓட்டமும் மூளைக்கு வேலையும் கொடுக்காவிட்டால் கூண்டுக்குள் வட்டமடிக்க ஆரம்பிக்கும். தன் வாலைத் தானே கடிக்கும். கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். அனுபவமில்லாத ஹேண்ட்லர் கையில் கொடுத்தால் முதலில் கடிபடுவது அவர்தான். மாநகரக் கமாண்டோ பிரிவுக்கு எடுங்கள், தினம் ஓடுகிற ஆள் இருக்கிற இடத்துக்கு எடுங்கள். ஐந்து நாய், எட்டு ஆள், ஒரு பழைய வேன் வைத்திருக்கிற மாவட்டத்துக்கு இது வாடகை வீட்டில் பந்தயக் குதிரை கட்டுவது மாதிரி.

கடைசியாக, எல்லோரும் ஆசைப்பட்டுக் கேட்கிற நாட்டு நாய்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நான்கும் நம் மண்ணின் பெயர்கள். பக்கத்தில் கர்நாடகத்தின் முதோல். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் 'மனதின் குரல்' வானொலி உரையில் இந்தப் பெயர்களை வரிசையாகச் சொன்ன பிறகு விருப்பம் இன்னும் கூடியது. ராணுவம் 2016-ல் முதோல் குட்டிகளை மீரட்டில் உள்ள தன் நாய்ப் பயிற்சி மையத்துக்குக் கொண்டுபோய்ப் பழக்கியது. 2024-ல் லக்னோவில் நடந்த அகில இந்தியக் காவல் பணித் திறன் போட்டியில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ரியா என்ற முதோல், வெளிநாட்டு இனங்களையெல்லாம் முந்திக்கொண்டு பரிசு வாங்கியது. ஆக, 'நாட்டு நாயால் முடியாது' என்று இனி யாரும் வாயடைக்க முடியாது.

ஆனால் 'முடியும்' என்பதற்கும் 'நம் கூண்டுக்கு இப்போது எடுக்கலாம்' என்பதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டை நாய்கள். கரிசல் காட்டில் தூரத்தில் அசைகிற ஒன்றைக் கண்ணால் பார்த்து, காற்றாய்ப் பாய்ந்து பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாய்ப் பொறுக்கி வளர்க்கப்பட்டவை. அவற்றுக்குக் கண் முதலில், மூக்கு பிறகு. தரையில் மூக்கை வைத்து மெதுவாக ஒரு பழைய தடத்தைப் பின்பற்றுவது, நாற்பது சூட்கேஸை வரிசையாக மோப்பது எல்லாம் அதன் இரத்தத்தில் ஊறியவை அல்ல. பழக்கலாம், ஆனால் நடுவில் ஒரு பூனை ஓடினால் ஹேண்ட்லரின் தோள்பட்டை கையோடு வந்துவிடும். கோம்பை வேறு மாதிரி. காட்டுப் பன்றியை மறித்து நிற்கிற முரட்டுத்தனம், வாடை பிடிக்கிற பழக்கம் இரண்டும் உண்டு. காவலுக்கும் காட்டு ரோந்துக்கும் அதைத்தான் முதலில் பார்ப்பேன். ராஜபாளையம் காவலுக்குப் பிறந்தது. தன் ஆள், தன் வாசல், மற்றவன் எல்லாம் அந்நியன் என்ற தெளிவு அதற்கு அதிகம். திருவிழாக் கூட்டத்துக்குள் கொண்டுபோக முடியாது. வெள்ளை நிறத்துக்காகவே பொறுக்கி வளர்த்ததில் சில குட்டிகள் பிறவிச் செவிடாகவும் வருகின்றன. குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சாதகங்களை மறைக்கவில்லை. வெயில் தாங்கும். சோறும் கொஞ்சம் கறியும் போட்டால் வஞ்சனையில்லாமல் வாழும். இடுப்பு, இதயம் என்று என்னைத் தேடி வருவது அபூர்வம். நான் சொல்கிற குறை நாயிடம் இல்லை, நம்மிடம். லாப்ரடாரில் 'வேலைக்கார வம்சம்' என்று பல தலைமுறைக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தத் தாய்க்குப் பிறந்தது பந்தை விடாமல் தேடும் என்று சொல்லிவிடுவார்கள். நம்மிடம் ராஜபாளையத்துக்கு மூக்கின் நிறம், உடம்பின் வெண்மை, வாலின் வளைவு பற்றிய கணக்குதான் இருக்கிறது. எந்தக் குட்டி நன்றாகத் தேடும் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. ரியா மாதிரி ஒன்று கிடைக்க, பத்துக் குட்டி எடுத்துப் பழக்கி எட்டைத் திருப்பி அனுப்பும் வசதி வேண்டும். அது குவாலியர் பக்கம் டேகன்பூரில் 1970 முதல் இயங்கும் தேசிய நாய்ப் பயிற்சி மையம் போன்ற இடங்களுக்கு உண்டு, மாவட்டத்துக்குக் கிடையாது. மாநில அளவில் ஒரு நாட்டு நாய்த் திட்டம் போடட்டும், முதல் ஆளாய் ஊசியோடு நிற்பேன். ஒற்றைக் கூண்டை வைத்துச் சோதனை செய்ய வேண்டாம்.

இந்த இடத்தில் குவி என்ற நாயை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடி நிலச்சரிவு. தோட்டத் தொழிலாளர்களான நம் தமிழ்க் குடும்பங்கள் எழுபது பேர் போனார்கள். மீட்புப் படையின் நாய்கள் தேடிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டு நாய், பயிற்சி என்றால் என்னவென்றே தெரியாத நாட்டு நாய், ஆற்றில் ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டு நகராமல் நின்றது. அங்கே தேடியபோது அது கூட விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடல் கிடைத்தது. இடுக்கி போலீஸின் நாய்ப் பிரிவு கொஞ்ச காலம் குவியை வைத்துப் பார்த்துக்கொண்டது. பிறகு அந்தக் குடும்பத்தில் மிஞ்சிய பாட்டியிடமே போய்ச் சேர்ந்தது. இதைச் சொல்லி 'பார்த்தீர்களா, நாட்டு நாய்' என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. அது தேடியது அந்தப் பிள்ளையை. முன்பின் தெரியாத ஆயிரம் பேருடைய பையைத் தினமும் மோந்து பார்க்கச் சொன்னால் தேடுமா என்பது வேறு கேள்வி.

இவ்வளவு இனக்கதை பேசினாலும், என் அனுபவத்தில் நாய் நன்றாக அமைந்ததும் பாழானதும் கயிற்றின் மறுமுனையைப் பொறுத்துத்தான். பத்திரிகைகள் 'பயிற்சியாளர்' என்று எழுதும், துறைக்குள் ஹேண்ட்லர். ஒரு முறை முக்கியப் பிரமுகர் வருகைக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு காவலர் எனக்குப் போன் செய்தார். "சார், இவன் இன்னைக்கு சரியில்ல. சாப்பிட்டான், ஓடினான், எல்லாம் செஞ்சான். ஆனா தண்ணி குடிக்கிற விதம் வேற மாதிரி இருக்கு." போய்ப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்தால் உண்ணிக் காய்ச்சலின் ஆரம்பம். காய்ச்சல் அடிக்கிற நாயை மறுநாள் குண்டு தேட அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். அந்தக் காவலர் நான்கு வருடமாக அதே நாயோடு இருந்தார்.

ஒரு நாய்க்கு ஒரே ஆளா, இரண்டு பேரா என்பது அடுத்த தேர்வு. ஒரே ஆள் என்றால் பிணைப்பு இறுகும், நாயின் காது அசைவு வரை அவருக்கு விளங்கும். அவருக்கு அம்மை போட்டாலோ தங்கைக்குக் கல்யாணம் என்றாலோ நாயும் லீவு. அமெரிக்காவில் பல ஊர்களில் நாய் ஹேண்ட்லரின் வீட்டிலேயே வளர்கிறது. வீட்டில் அதைக் குளிப்பாட்டுகிற நேரமும் பணி நேரம்தான், அதற்குச் சம்பளம் கொடு என்று அங்கே வழக்காடி வாங்கியிருக்கிறார்கள். நம் ஊரில் போலீஸ் குவார்ட்டர்ஸின் இரண்டு அறை வீட்டில் ஷெப்பர்டை வைக்க முடியாது; கூண்டு முறைதான் சரி. அதனால் நான் இரண்டு பேர் பக்கம். ஒருவர் முதல் ஆள், ஒருவர் துணை. ஆனால் இரண்டு பேரும் ஒரே சொல்லை ஒரே தொனியில் சொல்ல வேண்டும். ஒருவர் 'சிட்' என்றும் இன்னொருவர் 'உக்காருடா' என்றும் சொல்லி நாயைக் குழப்பிய கதை எனக்குத் தெரியும்.

விரும்பி வருபவரா, தூக்கிப் போடப்பட்டவரா? இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாய்ப் பிரிவைத் தண்டனைப் போஸ்டிங் ஆக்கிய இடத்தில் எந்த இனமும் தேறாது. ஞாயிறு கிடையாது, தீபாவளி கிடையாது, பட்டாசுச் சத்தத்தில் நடுங்குகிற நாயோடு ராத்திரி உட்கார வேண்டும். பிடித்தவன்தான் செய்வான். நாய்க்கு எட்டு ஒன்பது வருடம் பணிக்காலம் இருக்கும்போது, இரண்டு வருடத்தில் ஆளை இடம் மாற்றினால் போட்ட பயிற்சியில் பாதி அவர் பெட்டியோடு போய்விடும்.

ஹேண்ட்லர் நாயைக் கெடுப்பது அடித்துத்தான் என்றில்லை, அவருக்கே தெரியாமலும் கெடுப்பார். கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2011-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. பதினெட்டு போலீஸ் நாய்களையும் அவற்றின் ஆட்களையும் ஒரு தேவாலயத்துக்குக் கூட்டிவந்து தேடச் சொன்னார்கள். சில இடங்களில் வாடை இருக்கும், சிவப்புத் தாள் ஒட்டிய இடத்தைக் கவனியுங்கள் என்று ஆட்களிடம் சொல்லியிருந்தார்கள். உண்மையில் எங்கேயும் எதுவும் வைக்கவில்லை. 144 தேடலில் 21 மட்டும்தான் 'ஒன்றுமில்லை' என்று முடிந்தன. மற்றவற்றில் நாய் 'இருக்கிறது' என்று காட்டியதாக ஆட்கள் சொன்னார்கள், சிவப்புத் தாள் இருந்த இடத்தில் அதிகமாக. நாய்க்கு நம் முகம் படிக்கத் தெரியும். நாம் நிற்கிற இடத்தில் அதுவும் நிற்கும். இன்ஸ்பெக்டர் முன்கூட்டியே ஒருவனைச் சந்தேகப்பட்டு அதை ஹேண்ட்லர் காதில் போட்டுவிட்டால், நாய் அவன் வீட்டு வாசலில் போய் நிற்பதில் ஆச்சரியம் இல்லை. நீதிமன்றங்களின் தயக்கத்துக்கு அர்த்தம் இருக்கிறது. நாயை இறக்குவதற்கு முன் ஹேண்ட்லருக்கு வழக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள் என்று நான் எந்த அதிகாரிக்கும் சொல்வேன். கேட்டவர்கள் குறைவு.

ஆக, என் வரிசை இதுதான். கூண்டு ஒன்று, வேலை கலவை, ஆள் புதிது என்றால் லாப்ரடார், பெட்டை, குண்டு வேலைக்கு. குண்டு நாய் ஏற்கெனவே இருந்தால் அடுத்ததும் லாப்ரடார்தான், கஞ்சா வேலைக்கு, சலித்துக்கொள்ளாதீர்கள். ஆள் தடம் பிடிக்க நாய் தேவைப்பட்டு, நான்கு வருட அனுபவமுள்ள ஹேண்ட்லரும் இருந்தால் இடுப்பு எக்ஸ்ரே பார்த்து வாங்கிய ஷெப்பர்டு. மலினுவாவும் கோம்பையும் மாநகரத்துக்கும் காட்டுக்கும். நன்கொடைக் குட்டி எந்த இனமானாலும் மறுத்துவிடுங்கள். இலவசமாக வந்ததைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனசு வராது, தேறாத நாயோடு எட்டு வருடம் ஓட்டுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு நாய் எங்கே போகும் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். கேரளாவில் திருச்சூர் போலீஸ் அகாடமியில் 2019-ல் 'விஸ்ராந்தி' என்று முதியோர் இல்லமே திறந்தார்கள். நமக்கு அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், ஹேண்ட்லர் கேட்டால் அவருக்கே கொடுத்துவிடலாம்.

குட்டி பார்க்கப் போகும்போது அதிகாரி மட்டும் போகாதீர்கள். அதை வளர்க்கப் போகிற இரண்டு காவலர்களையும் கூட்டிப் போங்கள். குட்டிகள் விளையாடிக்கொண்டிருக்கும்போது ஒரு சாவிக்கொத்தைப் பக்கத்தில் பொத்தென்று போடுங்கள். எல்லாக் குட்டியும் துள்ளி ஓடும். ஒன்று திரும்பி வந்து அந்தச் சாவியை மோந்து பார்க்கும். அதைத் தனியாகத் தூக்கி வந்து, உயரமான புல்லில் ஒரு பந்தை எறியுங்கள். பந்து கிடைக்காத மாதிரி எறியுங்கள். ஒரு நிமிடம் தேடிவிட்டு உங்களைப் பார்த்து வாலாட்டுகிறதா, அல்லது நீங்கள் கூப்பிட்ட பிறகும் புல்லுக்குள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள்.